நெல்லைப் பக்கம் புதிதாகத் தொழில் தொடங்கிய வக்கீல், சட்டச் செய்திகளையும் அறிவிப்புகளையும் எப்படித் தொடர்வது?

கேட்டவர் சன்னத் (வக்கீலாகத் தொழில் செய்யும் உரிமம்) வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. பாளையங்கோட்டையில் ஒரு சீனியரிடம் இருந்துவிட்டு, இப்போது நாங்குநேரி, வள்ளியூர் கோர்ட்டுகளில் தனியாக வழக்கு பார்க்கிறார். ஏழு வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறார். தினமும் தீர்ப்பு தீர்ப்பாக வந்து குவிகிறது, ஒன்றும் மனதில் நிற்பதில்லை. ஆனால் வேண்டிய அறிவிப்பு மட்டும் கண்ணில் படாமல் போய்விடுகிறது. எதைப் படிக்க, எதை விட, எந்த ரிப்போர்ட்டருக்கு, அதாவது தீர்ப்புத் தொகுப்பு இதழுக்கு, சந்தா கட்ட என்று கேட்டிருக்கிறார். இங்கிலாந்து சொலிசிட்டர்களுக்குப் போல நமக்கும் எல்லா அறிவிப்பும் ஒரே இடத்தில் ஏன் வருவதில்லை என்றும் ஒரு ஆதங்கம்.

தம்பி, கடைசிக் கேள்விக்குப் பதில் சுருக்கம். அங்கே லா சொசைட்டி என்று சொலிசிட்டர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது, 1903 முதல் கெஜட் என்ற இதழை நடத்துகிறது. இங்கே 1961ஆம் வருஷ வழக்கறிஞர் சட்டம் சொலிசிட்டர், பிளீடர், வக்கீல் என்ற வேறுபாட்டை எல்லாம் துடைத்துவிட்டு அட்வகேட் என்று ஒரே வகுப்பாக்கியது. வகுப்பு ஒன்றானதே தவிர, நமக்கு அறிவிப்பு சொல்கிற வாய் ஒன்றாகவில்லை. ஐகோர்ட் பதிவுத்துறை ஒரு பக்கம், வக்கீல்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் ஒரு பக்கம், மாவட்ட நீதிபதியின் சுற்றறிக்கை ஒரு பக்கம், அரசிதழ் ஒரு பக்கம், இதற்கு நடுவே வக்கீல் சங்கத்தின் கரும்பலகை. இவற்றில் எது உங்களைக் கட்டுப்படுத்தும், எது கட்டுப்படுத்தாது என்று பிரிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நாம் எல்லோரும் தீர்ப்புகளின் பின்னால் ஓடுகிறோம். இருபத்தாறு வருஷமாக நான் பார்த்த வரையில், கட்சிக்காரருக்கு நஷ்டம் வந்தது தீர்ப்பு தெரியாததால் அல்ல. பெரும்பாலும் ஒரு தேதியைத் தவறவிட்டதால்.

ஆனித் தேரோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லையப்பர் தேர் ஓடும் நாளில் கலெக்டர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பார். மறுநிமிஷமே எல்லாக் குழுவிலும் 'நாளை லீவு' என்று செய்தி சுற்றும். அந்த அறிவிப்பின் கடைசிப் பத்தியை யாரும் படிப்பதில்லை. இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டம் 1881-ன் கீழ் வராது என்று அதில் இருக்கும். அதாவது வங்கி திறந்திருக்கும், தபால் ஆபீஸும் திறந்திருக்கும். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும் என்று அதே சட்டத்தின் 138ஆம் பிரிவு சொல்கிறதே, அந்த 30ஆம் நாள் தேரோட்டத்தன்று விழுந்தால், நீங்கள் ரத வீதியில் வடம் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. முந்தின நாளே தபாலில் சேர்த்துவிட வேண்டும். இனி கோர்ட் விஷயம். கலெக்டர் விட்ட லீவு கோர்ட்டுக்கு லீவு அல்ல. கோர்ட் விடுமுறைப் பட்டியல் ஐகோர்ட்டிலிருந்து வருவது, அதற்கு மேல் ஏதாவது இருந்தால் மாவட்ட நீதிபதி அலுவலகத்திலிருந்து தாள் வரும். அந்தத் தாளைக் கண்ணால் பார்க்காமல் எந்தக் கெடுவையும் மறுநாளைக்குத் தள்ளாதீர்கள். கோர்ட் உண்மையிலேயே மூடியிருந்தால் காலவரையறைச் சட்டம் 4ஆம் பிரிவு கைகொடுக்கும், திறக்கிற முதல் நாள் தாக்கல் செய்யலாம். திறந்திருந்த கோர்ட்டை மூடியிருந்தது என்று நினைத்தவருக்கு எந்தப் பிரிவும் கிடையாது.

சரி, நானே இடற இருந்த கதையைச் சொல்கிறேன். 2022 ஆகஸ்ட். களக்காடு பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மடித்து மடித்துக் கிழிகிற நிலையில் ஒரு புரோநோட்டு, தேதி 20.6.2018. மூன்று வருஷக் கெடு 2021 ஜூனில் முடிந்துவிட்டது. கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் காலவரையறையை நீட்டித்தது எனக்கு நினைவு இருந்தது. குழுவில் வந்த சுருக்கமும் போனில் இருந்தது: '1.3.2022 முதல் 90 நாள் மட்டும்.' அந்தக் கணக்குப்படி மே 30ஆம் தேதியோடு எல்லாம் முடிந்துவிட்டது. "கெடு போயிட்டு, ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லிப் பெரியவரை அனுப்பியும் விட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டைப் பழையபடி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

என் குமாஸ்தா நாற்பது வருஷம் கோர்ட்டைப் பார்த்தவர். தட்டச்சு இயந்திரத்தை மூடிக்கொண்டே கேட்டார்: "அண்ணாச்சி, அந்த ஆர்டரைக் கடைசி வரைக்கும் படிச்சியளா?"

படிக்கவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து 10.1.2022 தேதியிட்ட உத்தரவைப் படித்தேன். நமக்கு வேண்டியது அதன் ஐந்தாவது பத்தியில் இருந்தது. 15.3.2020 முதல் 28.2.2022 வரை உள்ள காலம் கணக்கில் சேராது. அந்தக் காலத்துக்குள் கெடு முடிந்திருந்தால் 1.3.2022 முதல் 90 நாள். அதற்கு அடுத்த வரியைத்தான் சுருக்கம் எழுதியவர் விட்டுவிட்டார்: மிச்சமிருக்கும் காலம் 90 நாளைவிட அதிகமானால், அந்த அதிகக் காலமே பொருந்தும். 15.3.2020 அன்று பெரியவருக்கு ஒரு வருஷம் மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி இருந்தது. அதை 1.3.2022 முதல் எண்ணினால் 2023 ஜூன் முதல் வாரம் வரை நேரம் இருக்கிறது. மறுநாள் காலை அவர் ஊர் டீக்கடை எண்ணுக்குப் போன் போட்டு வரச்சொன்னேன். அந்த மாதமே பிராது தாக்கலானது. எதிர்த்தரப்பு காலவரையறைதான் முதல் ஆட்சேபணை என்று கிளப்பியது. பிற்பாடு 2024 மார்ச் 1ஆம் தேதி ஆரிஃப் அசீம் – ஆப்டெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே கணக்கைப் போட்டுக் காட்டியது. அது ஆர்பிட்ரேஷன் (மத்தியஸ்த) வழக்கு. கணக்கு நம் புரோநோட்டுக்கும் அதேதான்.

அன்று முதல் சுருக்கத்தை நான் செய்தியாக மட்டும்தான் எடுத்துக்கொள்கிறேன். அதை நம்பி ஒரு கட்சிக்காரரை அனுப்புவதும் இல்லை, கோர்ட்டில் வாயைத் திறப்பதும் இல்லை. முழுத் தீர்ப்பு கிடைப்பதில் இப்போது கஷ்டமே இல்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் ஈ-எஸ்.சி.ஆர். என்ற அதன் இணையத் தொகுப்பில் இலவசமாக இருக்கின்றன, பலதும் தமிழாக்கத்தோடு. மெட்ராஸ் ஐகோர்ட்டின் தளத்தில் சென்னை, மதுரைக் கிளை இரண்டின் உத்தரவுகளும் கிடைக்கும். தீர்ப்பைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது கடைசிப் பக்கம், அப்புறம் வழக்கின் சங்கதி, அதன் பிறகுதான் நடுவில் இருக்கிற சட்ட விவாதம். நடுப்பக்கத்தை மட்டும் எடுத்துப் போடுகிற தலைப்புகளில் பாதி, வக்கீல் வாதமாகச் சொன்னதை நீதிபதி சொன்னதாகக் காட்டுபவை. நீதிபதி 'அந்தப் பத்தியைக் காட்டுங்கள்' என்று கேட்டுவிட்டால் வியர்த்துவிடும்.

தலைப்பு மட்டும் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024லேயே இரண்டு உதாரணம் உண்டு. மே 14 அன்று டி.கே. காந்தி வழக்கில், வக்கீலின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பு வந்தது. 'இனி வக்கீலைக் கேள்வி கேட்க முடியாது' என்று பார் ரூமில் ஒரே கொண்டாட்டம். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது, அவ்வளவுதான். கவனக்குறைவுக்கு சிவில் வழக்கு போடலாம், வழக்கறிஞர் சட்டம் 35ஆம் பிரிவுப்படி பார் கவுன்சிலில் ஒழுங்கு நடவடிக்கைக்கும் போகலாம். அடுத்து ஜூலை 30, கௌரவ் குமார் வழக்கு. வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணமாகப் பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 125 ரூபாய்க்கு மேல், முத்திரைக் கட்டணம் தவிர, வாங்கக் கூடாது என்றது. சரிதான். உடனே நம் ஜூனியர் பிள்ளைகள் நாலைந்து பேர் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு மனு எழுத உட்கார்ந்தார்கள். தீர்ப்பு இனிமேல் வருகிறவர்களுக்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. வெள்ளைத் தாள்தான் வீண்.

நம் அன்றாட வேலையை நிஜமாகவே மாற்றியது 1.7.2024. குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறின: இ.பி.கோ.வுக்குப் பதில் பி.என்.எஸ்., குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பி.என்.எஸ்.எஸ்., சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பி.எஸ்.ஏ. எண்களை மனப்பாடம் செய்வது பெரிய காரியமில்லை. கொலைக்கு 302 இப்போது பி.என்.எஸ். 103, மோசடிக்கு 420 இப்போது 318(4), முன்ஜாமீன் 438 இப்போது பி.என்.எஸ்.எஸ். 482. (பழைய 482 ஐகோர்ட்டின் உள்ளார்ந்த அதிகாரம், அது 528க்குப் போய்விட்டது. இந்த 482 குழப்பத்தில் நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல.) எந்தச் சட்டம் எந்த வழக்குக்கு என்பதில்தான் ஜூனியர்கள் தடுமாறுகிறார்கள். குற்றம் நடந்த தேதி 2024 ஜூன் என்றால் குற்றப்பிரிவு இ.பி.கோ.தான், எஃப்.ஐ.ஆர். எப்போது போட்டாலும். நடைமுறையைப் பொறுத்தவரை, 1.7.2024 அன்று நிலுவையில் இருந்த விசாரணை, மேல்முறையீடு எல்லாம் பழைய சட்டப்படியே முடியும் என்று பி.என்.எஸ்.எஸ். 531ஆம் பிரிவு சொல்கிறது. மனுவின் தலைப்பில் எண்ணைத் தப்பாகப் போட்டால் திருப்பி அனுப்புவார்கள். மதுரைக்கு மனு போட்டுவிட்டு அது ரிட்டர்ன் ஆன தகவல் மூன்றாம் நாள் தெரிந்தால், உள்ளே இருக்கிற கட்சிக்காரர் வீட்டில் என்ன சொல்வீர்கள்?

இன்னொன்று மின்னணுச் சாட்சி. மின்னணுப் பதிவுக்குப் பழைய சாட்சியச் சட்டம் கேட்ட 65பி சான்றை இன்னும் அப்படியே அச்செடுத்து இணைக்கிறார்கள். பி.எஸ்.ஏ. 63ஆம் பிரிவில் சான்றுக்கென்று அட்டவணையிலேயே படிவம் இருக்கிறது, ஏ பகுதி, பி பகுதி என்று இரண்டாக. ஏ பகுதியில் பதிவைத் தாக்கல் செய்கிற தரப்பு கையெழுத்துப் போட வேண்டும், பி பகுதியில் நிபுணர். இரண்டிலும் ஹேஷ் மதிப்பு (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் கணினிக் குறியீடு) எழுத வேண்டும். பெட்ரோல் பங்க் சி.சி.டி.வி. பதிவை பென்டிரைவில் வாங்கிக்கொண்டு ஓடி வரும் கட்சிக்காரரிடம், இதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணை நாளில் சொல்லிப் பயனில்லை.

செக் வழக்கு பார்க்கிறவர் என்பதால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பி.என்.எஸ்.எஸ். 223 வந்ததும், தனிப்பட்ட புகாரில் கோர்ட் கவனத்தில் எடுக்கும் முன்பே எதிரிக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று ஆனது. 138 வழக்குக்கும் அதுதானா என்று கோர்ட்டுக்குக் கோர்ட் ஒரு மாதிரி நடந்தது. 2025 செப்டம்பர் 25 அன்று சஞ்சபிஜ் தாரி வழக்கில், 138 புகாருக்கு அந்த முன் சம்மன் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. கூடவே சம்மன் சார்வு, அதாவது சம்மனை எதிரியிடம் சேர்ப்பது, பற்றியும் வழிமுறைகள் தந்திருக்கிறது, புகார்தாரரே நேரில் சார்வு செய்யும் தஸ்தி முறையும் அதில் உண்டு. இந்தத் தீர்ப்பு ஒரு பிரதி கட்டிலேயே இருக்கட்டும்.

சிவில் பக்கம் வந்தால், நம் ஊரில் பாதி வழக்கு நிலம்தான். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசன நஞ்செய், அண்ணன் தம்பி பாகம், மூலப்பத்திரம் தொலைந்த கதை. மூல ஆவணம் காட்டாவிட்டால் பத்திரம் பதியக் கூடாது என்ற பதிவு விதி 55-ஏயை 2025 ஏப்ரல் 7 அன்று கே. கோபி வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அன்று மாலையே ரியல் எஸ்டேட் புரோக்கர்கள் வரைக்கும் செய்தி போய்விட்டது. ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் சட்டமன்றத்தில் பதிவுச் சட்டத் திருத்த மசோதா வந்துவிட்டது. ஆகவே தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாருக்கும் ஆலோசனை சொல்லாதீர்கள். அரசிதழைத் திறந்து, பத்திரம் பதியும் நாளன்று எந்த வாசகம் நடைமுறையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தீர்ப்புச் செய்தி ஓடி வரும். அதைத் தொடர்ந்து வரும் திருத்தம் நடந்துதான் வரும், யாரும் ஃபார்வர்டு செய்ய மாட்டார்கள்.

பார் கவுன்சில் அறிவிப்புகளுக்கு வருவோம். இதில் உங்கள் தலையே இருக்கிறது. பதிவான இரண்டு வருஷத்துக்குள் அகில இந்திய பார் தேர்வு தேறவில்லை என்றால் தொழில் செய்யும் உரிமை நின்றுபோகும். உங்களுக்கு ஆறு மாதம்தான் பாக்கி, இன்னும் எழுதவில்லை என்றால் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு அந்த வேலையைப் பாருங்கள். தொழில் செய்யும் இடம் பற்றிய சரிபார்ப்பு, சான்றிதழ் சரிபார்ப்பு, நலநிதி எல்லாம் அப்போதப்போது வரும். முகவரி மாறினால் உடனே எழுதிக் கொடுங்கள், அனுப்பிய தபால் திரும்பிப் போனது உங்களுக்குத் தெரியாது. முன்சீப் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், உச்ச நீதிமன்றத்தின் 20.5.2025 தீர்ப்புக்குப் பிறகு குறைந்தது மூன்று வருஷப் பிராக்டிஸ் வேண்டும். தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே எண்ணலாம். அதனால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

சன்னத் என்று நாம் அலட்சியமாகச் சொல்கிற சொல்லுக்கு இந்த மண்ணில் ஒரு கனம் உண்டு. 1908ல் இதே திருநெல்வேலியில் இரட்டை ஆயுள் தண்டனை பெற்ற வ.உ.சி., 1912 கடைசியில் விடுதலையாகி வந்தபோது சன்னத் பறிபோயிருந்தது. வருஷக்கணக்கில் அல்லாடினார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினமும் ஒரு தீர்ப்புச் சுருக்கம் போட்டு, கீழே பெயர், படம், போன் நம்பர், 'இலவச ஆலோசனைக்கு அழைக்கவும்' என்று போடுகிறீர்களாம். சட்டம் சொல்லிக்கொடுப்பது தப்பில்லை. அழைக்கச் சொல்வது, விளம்பரம் செய்து வேலை பிடிக்கக் கூடாது என்கிற பார் கவுன்சில் விதி 36ல் நேரே போய் விழுகிறது. 2024 ஜூலையில் நம் ஐகோர்ட்டே இணையத் தளங்கள் வழியாக வேலை பிடிக்கிற வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லித் தீர்ப்பு தந்திருக்கிறது. இன்றைக்கே அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள்.

என் வழக்கம் என்ன என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. சாயங்காலம் ஆபீஸில் முதல் வேலை மறுநாள் காஸ் லிஸ்ட், அதாவது அன்று விசாரணைக்கு வரும் வழக்குகளின் பட்டியல். மதுரை வழக்கு இருந்தால் வழக்கு வகைக்குப் பின்னால், எண்ணுக்கு முன்னால், எம்.டி. என்று போட்டுத் தேட வேண்டும், இல்லாவிட்டால் சென்னை வழக்கு வந்து நிற்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சப்ளிமென்டரி லிஸ்டையும் (பிற்பாடு சேர்க்கிற கூடுதல் பட்டியல்) ஒருமுறை. 2004 ஜூலையில் மதுரைக் கிளை வருவதற்கு முன்னால் இதற்காக நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் வந்த தலைமுறை நாங்கள். இப்போது மூன்று மூன்றரை மணி நேரத்தில் கிளை இருக்கிற ஒத்தக்கடை, ஆனாலும் லிஸ்ட் பார்க்காமல் கோட்டைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாவட்டக் கோர்ட் வழக்குகளுக்கு ஒவ்வொரு கட்டின் மேலட்டையிலும் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணை எழுதி வைத்திருக்கிறேன். ஈ-கோர்ட்ஸ் இணையத் தளத்தில் அதைப் போட்டால் வாய்தா தேதி வந்துவிடும். அப்படியும் கோர்ட்டில் வாய்தா குறிக்கும் 'ஏ' டைரியை ஒரு எட்டு பார்த்துவிடுவேன், ஏனென்றால் தளத்தில் ஏற்றுகிறவரும் மனிதர்தான்.

அப்புறம் ஒரு நீளக் கோடு போட்ட நோட்டு. அதில் தீர்ப்பு எழுதுவதில்லை, தேதி மட்டும்தான். எதிர்வழக்குரைக்கு 30 நாள், நீட்டினால் 90. கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்கிற முன் மனு) 90 நாளில் காலாவதியாகும், மறுபடி போட வேண்டும். மாவட்டக் கோர்ட்டில் அப்பீலுக்கு 30, ஐகோர்ட்டுக்கு 90. நகல் மனு போட்ட நாள், நகல் தயாரான நாள் இரண்டையும் சேர்த்தே எழுதுவேன், நகலுக்கு ஆன நாளைக் காலவரையறைச் சட்டம் 12ஆம் பிரிவில் கழிக்க அதுதான் ஆதாரம். வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்: ஒன்று உங்கள் சங்கத்தின் குழு, இன்னொன்று உங்களைவிடப் பத்து வருஷம் மூத்தவர்கள் சண்டை போட்டுக்கொள்கிற குழு. அந்தச் சண்டையில்தான் எந்தத் தீர்ப்பு உயிரோடு இருக்கிறது, எது மேலே போய்த் தடையாணையில் நிற்கிறது என்று தெரியவரும்.

ரிப்போர்ட்டர் சந்தா இப்போது வேண்டாம். எம்.எல்.ஜே. (மெட்ராஸ் லா ஜர்னல்) 1891 முதல் வருகிறது, லா வீக்லி, சி.டி.சி. எல்லாம் பாளையங்கோட்டை பார் லைப்ரரியில் இருக்கின்றன. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அங்கே கூட்டம் குறைவு. புதிய இதழ் வந்ததும் முதலில் அட்டவணையில் நம் மதுரைக் கிளைத் தீர்ப்புகளை மட்டும் பென்சிலால் குறித்துப் படியுங்கள். தனியாக ஒன்று வாங்கியே தீர வேண்டும் என்று ஆசையிருந்தால், தொழிலை விடுகிற சீனியர்கள் பழைய வால்யூம்களைக் கட்டாகக் கொடுப்பார்கள். கரையான் அரித்திருக்கிறதா என்று முதுகைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள்.